பக்கத்தில் நின்றவர்

எங்கள் கடையில் ஒரு நாளைக்குப் பத்துப் பேரையாவது வெட்டுவேன். பயப்பட வேண்டாம், போட்டோஷாப்பில்தான். காதுகுத்து போர்டுக்குத் தாய்மாமன், கண்ணீர் அஞ்சலி போர்டுக்குத் தாத்தா, கட்சி போர்டுக்கு வட்டச் செயலாளர். கொண்டுவந்து கொடுக்கிற படத்தில் யாரும் தனியாக இருக்கவே மாட்டார்கள். கல்யாணப் பந்தியிலோ கோயில் வாசலிலோ யாராவது தோளில் கைபோட்டிருப்பார்கள். பென் டூலை எடுத்துத் தலைமுடி, காது, தோள் என்று ஓரமாகப் புள்ளி வைத்துக்கொண்டே வந்து, பக்கத்தில் நிற்பவரை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. தோளில் கிடக்கும் அந்தக் கை மட்டும் எப்போதும் தொல்லை. கையை அழித்தால் சட்டை மடிப்பு கெட்டுப்போகும். பக்கத்துத் துணியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒட்டி, மடிப்பைத் திரும்ப நெய்ய வேண்டும். நெய்கிற வேலையில் எனக்குப் பெயர் உண்டு.

மூன்று வருஷத்துக்கு முன்னால், செப்டம்பர் கடைசியில், ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் வந்தார். அக்டோபர் 2-க்குப் பள்ளியில் கண்காட்சியாம். தலைப்பு ‘சமாதானம் செய்தவர்கள்’. ஆறுக்கு நாலு அளவில் எட்டு போர்டு. புத்தர், காந்தி, அன்னை தெரசா, மண்டேலா, மார்ட்டின் லூதர் கிங் என்று பட்டியல். படங்களையெல்லாம் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். காந்தி படத்தைத் திறந்தேன். சிரித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் கோட்டு சூட்டோடு வயதான வெள்ளைக்காரர் ஒருவர்.

“இவரைத் தூக்கிருங்க சார். அந்த எடத்துல பொன்மொழி போட்டுக்கலாம்.”

“யார் டீச்சர் இவரு?”

“தெரியல சார். நெட்ல இருந்துச்சு. படம் நல்ல கிளாரிட்டியா இருக்கேன்னு எடுத்தேன்.”

தூக்கினேன். முந்நூறு சதவீதம் பெரிதாக்கி, கன்னத்து ஓரமாகப் புள்ளி வைத்துக்கொண்டு போகும்போதுதான் உறைத்தது. இந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். சட்டைப் பையிலேயே இருக்கிறது. நூறு ரூபாய்த் தாளை எடுத்து மானிட்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே சிரிப்பு, வலம் இடமாகத் திருப்பிப் போட்டது. எனக்கு முன்னாடியே எவனோ இந்த வேலையைச் செய்து முடித்திருக்கிறான். 1996-ல் காந்தி வரிசை நோட்டுகள் வந்ததிலிருந்து அந்த வெள்ளைக்காரர் இல்லாத காந்தியைத்தான் நாடே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறது.

அன்றைக்கு ராத்திரி தேடிப் பார்த்தேன். அவர் பெயர் பெதிக் லாரன்ஸ். 1946-ல் இந்தியாவுக்குப் பொறுப்பான பிரிட்டிஷ் அமைச்சர். சுதந்திரம் கொடுப்பது பற்றிப் பேச வந்த கேபினட் மிஷனுக்குத் தலைவர். டெல்லியில், அப்போது வைஸ்ராய் மாளிகையாக இருந்த இன்றைய ராஷ்டிரபதி பவனில் எடுத்த படம் அது. இதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு நடந்த போராட்டத்துக்காக 1912-ல் சொந்த நாட்டிலேயே ஜெயிலுக்குப் போனவர் இவர். உண்ணாவிரதம் இருந்தபோது மூக்கில் குழாய் விட்டு வலுக்கட்டாயமாக உணவு ஊற்றியிருக்கிறார்கள். ஜெயில் பார்த்த இரண்டு கிழவர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற படம். ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவரை நான் டெலீட் செய்தேன்.

எங்கள் பெரியப்பா கைப்பெயிண்டர். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் மதுரையில் சுவரும் தட்டியும் அவர் மாதிரி ஆட்களின் ராஜ்ஜியம். நூலில் நீலப்பொடி தடவிச் சுவரில் அடித்துக் கட்டம் போடுவார். சின்னப் படத்திலும் அதே கட்டம். ஒவ்வொரு கட்டமாக ஏற்றிக்கொண்டே போனால் ஆள் உயரத்தில் முகம் வந்துவிடும். காந்திக்கு மட்டும் கட்டம் போட மாட்டார். “ரெண்டு வட்டம், ஒரு மொட்டை, ஒரு கம்பு. காந்தியை அஞ்சு கோட்டுல முடிச்சிரலாம்டா” என்பார். அதையே குறையாகவும் சொல்வார். “சுளுவா வர்ற ஆளை எவனும் உத்துப் பார்க்க மாட்டான்.”

கட்டபொம்மன் வரைவதென்றால் அவருக்கு அவ்வளவு பிடிக்கும். கத்தியை ஓங்கினால் போதும். எதிரி சுவருக்கு வெளியே எங்கேயோ இருக்கிறான் என்று பார்க்கிறவனுக்குப் புரிந்துவிடும். வீரனைத் தனியாக நிறுத்தலாம், குதிரைமேலும் ஏற்றலாம். சமாதானம் பேசுகிறவனை என்ன செய்வது? நம் ஊரில் ஒரு பஞ்சாயத்து நடந்ததை வரையச் சொன்னால் ஆலமரத்தடியில் நாட்டாமையை மட்டும் உட்காரவைத்து யாராவது வரைவார்களா? இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், நடுவில் வெட்டிப்போட்ட வாழையோ உடைந்த வரப்போ வேண்டும். ஆனால் உலகம் முழுக்க சமாதானக்காரர்களுக்கு வைத்த சிலைகளைப் பாருங்கள், எல்லாரும் தனியாக நிற்கிறார்கள். யாரோடு தகராறு, என்ன தகராறு, எப்படி முடிந்தது, ஒன்றும் தெரியாது. பிறவியிலேயே அமைதியானவர்கள்போல் சிரிக்கிறார்கள்.

சென்னை மெரினாவில் நிற்கிற காந்தியைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் சென்னை ஓவியக் கல்லூரிக்கு ரொம்ப காலம் முதல்வராக இருந்தவர். அதே கடற்கரையில் நாலு பேர் பாறையை நெம்புகிற உழைப்பாளர் சிலையும் அவர் செய்ததுதான். அவருடைய காந்தி நடக்கிறார். நடக்கிற ஆள் என்றால் எங்கேயோ போகிறார், யாரையோ பார்க்கப் போகிறார் என்று தோன்றும். டெல்லியில் ‘பதினோரு சிலை’ என்று சொல்லப்படுகிற தண்டி யாத்திரைச் சிலையில் அவரே காந்திக்குப் பின்னால் பத்துப் பேரையும் நடக்க வைத்தார். பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டின் பின்பக்கம் அச்சடித்திருந்தார்களே, அதுதான். துணைக்கு ஆள் வந்துவிட்டது. எதிரில் நின்ற ஆள் மட்டும் அதிலும் இல்லை.

இதையெல்லாம் பேச மதுரைக்காரனுக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு என்பது என் கட்சி. ஜோகன்னஸ்பர்க்கில் வக்கீல் அங்கியோடு நிற்கிற சிலைபோல ஒன்றிரண்டைத் தவிர்த்துவிட்டால், உலகத்தில் எந்த காந்தி சிலையாக இருந்தாலும் அது உடுத்தியிருக்கிற உடுப்பு எங்கள் மேல மாசி வீதியில் மாற்றியது. 1921 செப்டம்பர் 21 ராத்திரி வந்து அந்தத் தெருவில் ஒரு குஜராத்தி வியாபாரி வீட்டில் தங்கினார். மறுநாள் காலையில் தொப்பியும் மேல்சட்டையும் முழு வேட்டியும் போய்விட்டன. இன்றைக்குக் காமராஜர் சாலையில் காந்தி பொட்டல் என்று சொல்கிறோமே, முதல்முதலாக அரையாடையோடு ஜனங்கள் முன்னால் நின்றது அந்த இடத்தில்.

மாற்றியதற்கு அவரே சொன்ன காரணங்களில் ஒன்று ரயில் பெட்டியில் நடந்த பேச்சு. கூட வந்தவர்கள் உடம்பில் வெளிநாட்டுத் துணி. கதர் கட்டுங்கள் என்று இவர் சொல்கிறார். நாங்கள் ஏழைகள், கதர் விலைக்கு எங்கே போவோம் என்று அவர்கள் தலையாட்டிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் தொப்பி, சட்டை, முழு வேட்டி என்று தானே முழுசாக உடுத்தி உட்கார்ந்திருந்தது காந்திக்கு உறுத்தியிருக்கிறது. அக்டோபர் 31 வரைக்குமாவது இப்படி இருக்கிறேன் என்றுதான் முதலில் அறிவித்தார். ஐந்தரை வாரக் கணக்கு. அது இருபத்தாறு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அந்த ரயிலில் ‘முடியாதுங்க’ என்று சொன்ன ஆளுக்குப் பேர் இல்லை. காந்தி பொட்டலில் சிலை இருக்கிறது, மேல மாசி வீதி வீட்டின் மாடியில் நினைவிடம் இருக்கிறது, கீழே கதர்க் கடை நடக்கிறது. ஒரு போர்டில் அந்தப் பெயரில்லாதவரையும் எதிர் சீட்டில் உட்காரவைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அந்தப் பக்கம் வண்டியில் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். பத்து வயசுப் பிள்ளைக்கும் புரிந்துவிடும், காந்தி அன்றைக்கு ஒரு வாக்குவாதத்தில் தோற்றுப்போய்த்தான் சட்டையைக் கழற்றினார் என்பது.

அங்கிருந்து வைகையைத் தாண்டி, ஏ.வி. பாலம், கோரிப்பாளையம் என்று போனால் தமுக்கம். ராணி மங்கம்மாள் கோடைக்குத் தங்குகிற அரண்மனையாக இருந்த கட்டடத்தில் காந்தி மியூசியம். 1959 ஏப்ரல் 15-ல் நேரு வந்து திறந்தார். மதுரையில் படித்த எவனும் பள்ளிக்கூடத்தில் வரிசையாகக் கைகோத்துக்கொண்டு ஒரு தடவையாவது அங்கே போயிருப்பான். நான் முதல் தடவை போனது நாலாம் வகுப்பில். சுதந்திரப் போராட்டப் படங்கள் அறை அறையாகப் போகும். எங்களுக்கு அதில் கவனம் இல்லை. ‘ரத்தத் துணி’ எங்கே இருக்கிறது என்பதுதான் பேச்சு. சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணியில் ஒரு பகுதி அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. ரத்தம் சிவப்பாக இருக்கும் என்று நினைத்துப் போனவர்களுக்கு ஏமாற்றம். துருப்பிடித்த கறைபோல, காப்பி கொட்டிக் காய்ந்ததுபோல ஒரு பழுப்பு. “இதான்டாவா?” என்றான் பக்கத்தில் நின்றவன். சார் மண்டையில் ஒரு கொட்டு வைத்தார்.

இப்போது வருஷம் ஒரு தடவையாவது போகிறேன். எங்கள் ஊரில் தொடங்கிய உடுப்பு வைகைக்கு இந்தப் பக்கம் வந்து முடிந்திருக்கிறது என்று நினைத்தால் ஒரு மாதிரி இருக்கும். அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று பார்க்கும்போது எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மியூசியத்தில் மற்ற எல்லாம் காந்தி தனியாக இருக்கிற பொருள்கள். மூக்குக்கண்ணாடி, சால்வை, நூல். அந்தத் துணியில் மட்டும் இரண்டு பேர் இருக்கிறார்கள். நெய்தது ஒருத்தர் நம்பிக்கை, கறை இன்னொருத்தன் வேலை. அதை யாராலும் கட் பண்ணி எடுக்க முடியவில்லை. பிள்ளைகள் வேறெங்கும் நிற்காமல் அங்கே நிற்பதற்கு ரத்தம் என்ற ஆர்வம் மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

2019-ல் லண்டனில் நர்ஸாக இருக்கிற தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை லீவு போட்டு ஊர் சுற்றிக்காட்டினார். நாடாளுமன்றத்துக்கு எதிரில் ஒரு சதுரப் புல்வெளி, அதைச் சுற்றிச் சிலைகள். காந்தி அங்கே இருக்கிறார் என்று தெரியும். 2015 மார்ச்சில் திறந்தபோது டிவியில் பார்த்திருக்கிறேன். ஃபிலிப் ஜாக்ஸன் என்கிற சிற்பி செய்த ஒன்பதடி வெண்கலம். கையில் கம்பு இல்லை. 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்கு வந்தபோது எடுத்த படங்களைப் பார்த்துச் செய்தது. குளிருக்குச் சால்வையை இழுத்துப் போர்த்தி, இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு நிற்கிறார். மற்றவர்களில் பலர் உயரமான பீடத்தில். இவருக்குக் கிட்டத்தட்டத் தரையோடு பீடம். அந்தக் குளிரில் மேல மாசி வீதி வேட்டியோடு அவரைப் பார்த்ததும் “ஐயா, உங்களுக்கு ஒரு ஸ்வெட்டராவது போட்டிருக்கலாம்” என்றுதான் வாயில் வந்தது.

திரும்பிப் பார்த்தால் அந்த மூலையில் சர்ச்சில். பெரிய கோட்டு, ஊன்றிய தடி. 1931 பிப்ரவரியில், வைஸ்ராயைப் பார்க்க காந்தி அரை நிர்வாணமாகப் படியேறுகிறார், அருவருப்பாக இருக்கிறது என்று பேசினவர். அரை நிர்வாணப் பக்கிரி என்று நாம் பள்ளிப் புத்தகத்தில் படித்தது அந்தப் பேச்சின் சுருக்கம். அதே வருஷம் காந்தி லண்டன் வந்து சந்திக்கக் கேட்டபோது சர்ச்சில் மறுத்துவிட்டார். 1906-ல் ஒரே ஒரு தடவை பார்த்துப் பேசியிருக்கிறார்கள், அதோடு சரி. உயிரோடு இருந்தவரை எதிரில் உட்கார மறுத்த மனுஷன் இப்போது அதே வேட்டிக்காரரோடு ஒரே புல்வெளியில் நிற்க வேண்டியிருக்கிறது. வைத்தவர்கள் இதை யோசித்து வைத்தார்களோ என்னவோ. எனக்கு அந்தச் சதுரத்திலேயே பிடித்தது இதுதான்.

இன்னும் கொஞ்சம் நடந்தால் வேறொருவர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உடம்பை முன்னால் சாய்த்து, விழுந்துவிடுவாரோ என்கிற மாதிரி விறுவிறுவென்று நடக்கிற ஒரு ராணுவ உடைக்காரர். 1956-ல் வைத்தது. கீழே ஸ்மட்ஸ் என்று எழுதியிருந்தது. மாப்பிள்ளைக்கு யாரென்று தெரியவில்லை. எனக்கு உடனே தெரிந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் பெண் எடுத்தவன் நான். தில்லையாடிக்கு நாலு தடவை போயிருக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் ஒப்பந்தக் கூலி முடிந்தும் தங்கிய இந்தியர்கள் ஆளுக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. 1913-ல் கோர்ட்டு ஒரு தீர்ப்பு சொன்னது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாதாம். அதாவது தாலி கட்டிய பெண்டாட்டி பெண்டாட்டி இல்லை. இதை எதிர்த்துத்தான் பெண்கள் முதல்முறையாக ஜெயிலுக்குப் போனார்கள். போனவர்களில் கணிசமானோர் தமிழ்ப் பெண்கள். அதில் ஒருத்தி வள்ளியம்மை. தாய்வழி ஊர் தில்லையாடி. அவள் பிறந்தது, வளர்ந்தது, இறந்தது எல்லாம் ஜோகன்னஸ்பர்க்கில். மூன்று மாசத் தண்டனை. ஜெயிலில் காய்ச்சல் கண்டு, எலும்பும் தோலுமாக வெளியே வந்து, சில நாளிலேயே 1914 பிப்ரவரி 22 அன்று போய்விட்டாள். வயசு பதினாறு. ஜெயிலுக்குப் போனதற்கு வருத்தப்படுகிறாயா என்று காந்தி கேட்டபோது, இப்போது பிடித்தாலும் மறுபடி போவேன் என்று சொன்னதாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார். அந்தப் போராட்டத்துக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமைச்சர்தான் இந்த ஸ்மட்ஸ்.

கடைசியில் அந்த வருஷமே உடன்பாடு வந்தது. மூன்று பவுண்டு வரி போனது, நம் கல்யாணங்கள் கல்யாணங்களாயின. ஜூலையில் காந்தி கப்பல் ஏறுவதற்கு முன்னால் பிராம்ஃபோண்டெய்ன் இடுகாட்டில் வள்ளியம்மைக்கும், 1909-ல் ஜெயில் கொடுமையால் இறந்த நாகப்பனுக்கும் நினைவுக்கல் திறந்தார்கள். காந்தி அதில் கலந்துகொண்டார். இன்னொரு காரியமும் செய்தார். ஜெயிலில் தன் கையால் தைத்த ஒரு ஜோடிச் செருப்பை ஸ்மட்ஸுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தன்னை உள்ளே வைத்தவருக்கு உள்ளே இருந்து தைத்த செருப்பு! இதைக் கேலி என்பதா அன்பு என்பதா? எனக்கு இரண்டும் கலந்துதான் தெரிகிறது. ஸ்மட்ஸும் லேசுப்பட்டவர் இல்லை. துறவி நம் கரையைவிட்டுப் போனார், நிரந்தரமாகப் போனார் என்று நம்புகிறேன் என்று ஒரு கடிதத்தில் எழுதினார். ஆனால் அந்தச் செருப்பைப் பல கோடைக்காலம் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். 1939-ல் காந்தியின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அதைத் திருப்பி அனுப்பி, இவ்வளவு பெரிய மனிதரின் செருப்பில் நிற்க எனக்குத் தகுதியில்லை என்று எழுதினார்.

லண்டன் சதுரத்தில் ஸ்மட்ஸ் காலைக் குனிந்து பார்த்தேன். பூட்ஸ்தான்.

காந்தி இருக்கிறார், ஸ்மட்ஸ் இருக்கிறார், மண்டேலாவும் இருக்கிறார். வள்ளியம்மை இல்லை. அந்தச் சதுரத்தில் பெண் என்று ஒருத்தருக்குச் சிலை வந்ததே 2018-ல்தான். அவள் பேருக்கு நம்மிடம் என்ன இருக்கிறது? தில்லையாடியில் ஒரு நினைவு மண்டபம், அதில் வாசகசாலை. சென்னை எழும்பூர் பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்கு அவள் பேர். தீபாவளிக்குப் போர்வையும் பட்டும் எடுக்கப் போகிறவர்கள் ‘தில்லையாடி வள்ளியம்மை மாளிகை’ என்ற எழுத்தைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே போகிறார்கள். கைத்தறிக் கடைக்கு அந்தப் பேர் பொருத்தம்தான். ஆனாலும் பதினாறு வயசுப் பெண் யாரோடு மோதினாள் என்பது தள்ளுமுள்ளுத் தள்ளுபடிக் கூட்டத்தில் யாருக்குத் தெரியப்போகிறது.

எதிராளியையும் சேர்த்து நிறுத்திய இடங்கள் இல்லாமல் இல்லை. கேப்டவுன் துறைமுகத்தில் 2005-ல் நாலு சிலை வைத்தார்கள். லுத்துலி, டுட்டு, டி கிளார்க், மண்டேலா. நாலு பேரும் நோபல் அமைதிப் பரிசு வாங்கின தென்னாப்பிரிக்கர்கள். செய்தவர் கிளாடெட் ஷ்ரூடர்ஸ். டி கிளார்க் நிறவெறி ஆட்சியின் கடைசி ஜனாதிபதி. அவரை எதற்கு இந்த வரிசையில் வைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் கேட்கட்டும், கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அவரை எடுத்துவிட்டால் மண்டேலா யாரோடு மேஜையில் உட்கார்ந்தார் என்ற கேள்வி அந்தரத்தில் நிற்கும். வட அயர்லாந்தில் டெர்ரி என்ற ஊரில் 1992-ல் மாரிஸ் ஹாரன் செய்த சிலை இன்னும் நேர்மையானது. இரண்டு பேர் எதிரெதிரே கையை நீட்டுகிறார்கள். விரல்கள் தொடவில்லை. நடுவில் கொஞ்சம் காற்று. அந்த ஊரில் 1972 ஜனவரி 30 அன்று ஊர்வலம் போன ஜனங்களை பிரிட்டிஷ் ராணுவம் சுட்டது. சிலை வைத்தபோது சண்டை ஓய்ந்திருக்கவில்லை, ஒப்பந்தம் வர இன்னும் ஆறு வருஷம் இருந்தது. ஜனவரி 30 என்ற தேதியைப் பார்த்ததும் மதுரைக்காரனுக்கு வேறொன்று ஞாபகம் வரும், சொல்ல வேண்டியதில்லை.

சிலை வைப்பதோடு வேலை முடிவதில்லை என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தென் மாவட்டங்களில் பஸ்ஸில் போனால் ஊருக்கு ஊர் அம்பேத்கர் கம்பிக் கூண்டுக்குள் நிற்பதைப் பார்க்கலாம். 1997-ல் விருதுநகர் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததை ஒட்டிச் சாதிக் கலவரம் வெடித்து, கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசாங்கம் எடுத்துவிட்டது. அப்போது பெரியப்பாவுக்கு நல்ல வேலை. பழைய பேரை அழித்துப் புதுப் பேர் எழுத வேண்டிய போர்டுகள் அவ்வளவு. “பேர் எழுதினதுக்கும் கூலி, அழிச்சதுக்கும் கூலி. நான் மட்டும்தான்டா இதுல ரெண்டு பக்கமும் சாப்பிட்டவன்” என்று சிரிப்பார். சிரித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்.

கூண்டு நம் ஊர்ச் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். 2020 ஜூனில் லண்டனில் நிறவெறிக்கு எதிரான போராட்டம் நடந்தபோது, நான் நின்று பார்த்த அதே சதுரத்தில் சர்ச்சிலையும் காந்தியையும் மண்டேலாவையும் பலகை அடித்துப் பெட்டிக்குள் மூடினார்கள். சர்ச்சில் பீடத்திலும் காந்தி சிலையடியிலும் ‘இனவெறி’ என்று ஒரே குற்றச்சாட்டைப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். காந்தி இளவயதில் தென்னாப்பிரிக்காவில் கறுப்பு மக்களைப் பற்றி எழுதியவற்றில் கூசவைக்கிற வரிகள் இருக்கின்றன, அது உண்மை. கானா நாட்டில் 2016-ல் வைத்த காந்தி சிலையைப் பேராசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்து, 2018 டிசம்பரில் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து எடுத்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. தனியாகச் சிரித்துக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்த்தால் கேள்வி கேட்கத்தானே தோன்றும்.

சரி, டீச்சர் கதைக்கு வருகிறேன். எட்டு போர்டையும் சொன்னபடி அடித்துக் கொடுத்தேன். கண்காட்சிக்கும் கூப்பிட்டார்கள், போனேன். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள், ஒவ்வொரு போர்டு முன்னாலும் மூன்று விநாடி, அடுத்தது. பெரியப்பா சொன்னதுதான். உற்றுப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை, நானே எடுத்துவிட்டேனே.

மறு வருஷம் அவரே மறுபடி வந்தார். “போன வருஷ போர்டையே மாட்டிக்கலாம்னாங்க. ஒரு போர்டைக் காணோம். அதை மட்டும் அடிச்சுக் குடுங்க சார்.” காணாமல் போனது காந்தி. நான் காசு வாங்காமல் வேறு மாதிரி ஒன்று செய்து தருகிறேன் என்றேன். இடது பக்கம் கம்போடு தென்னாப்பிரிக்கக் காலத்து காந்தி, வலது பக்கம் ஸ்மட்ஸ், நடுவில் பெரிதாக ஒரு ஜோடிச் செருப்பு. கீழே மூலையில் வள்ளியம்மை. செருப்புக்குச் சரியான படம் கிடைக்கவில்லை. எங்கள் தெருவில் தைக்கிற அண்ணனிடம் ஒரு பழைய தோல் செருப்பை வாங்கி, கடை வாசலில் வைத்து நானே போட்டோ எடுத்தேன். பொன்மொழி இல்லை. ‘தன்னை ஜெயிலில் போட்டவருக்கு இதைத் தைத்துக் கொடுத்தார்’ என்று ஒரே வரி.

டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்தார். “சார், காந்தி ஜெயந்திக்குச் செருப்புப் படம்… ஹெச்.எம். ஏதாவது சொல்லுவாங்களா?”

“சொன்னாக் கழட்டிருங்க டீச்சர்.”

கழற்றவில்லை என்று கேள்வி. பிள்ளைகள் அந்த போர்டு முன்னால் கூட்டம் போட்டுக்கொண்டு, இந்தச் செருப்பு எந்தச் சைஸ், அந்த ஆளுக்குப் பத்துச்சா, கடிச்சுச்சா என்று கேட்டுத் தன்னைப் பாடாய்ப்படுத்திவிட்டார்கள் என்று டீச்சர் போனில் சொன்னார். அந்த மீசைக்காரரு கெட்டவரா நல்லவரா மிஸ் என்று ஒரு பையன் விடாமல் கேட்டானாம். நீங்க என்ன சொன்னீங்க என்றேன். “பெல் அடிச்சிருச்சு சார்” என்றார்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அந்தப் பக்கம் டெலிவரிக்குப் போனேன். பள்ளிக்கூட வாட்ச்மேன் கொட்டகைக் கூரையில் பழைய ஃப்ளெக்ஸ்கள் விரித்திருந்தன. ஒன்று முதல் வருஷம் காணாமல் போன காந்தி. அதன்மேல் செருப்பு போர்டு, நாலு மூலையும் கயிறு இழுத்துக் கட்டி, நடுவில் காற்றுக்குப் பறக்காமல் இரண்டு செங்கல். என்னைப் பார்த்ததும் பெரியவர் குடையோடு வந்தார்.

“தம்பி, நீங்கதான அந்த போர்டுக்காரரு? நல்ல கெட்டியான சாமான், சொட்டு எறங்கல. மேக்குப் பக்கம் மட்டும் ஒழுகுது. அடுத்த வருசம் கொஞ்சம் அகலமா அடிங்க.”